பூனைக்கான வினைச்சொல்

நெஜாத்தியின் விமானம் புறப்பட எண்பத்தைந்து மணித்தியாலங்கள் இருந்தன. புதன்கிழமை காலை ஏழு ஐம்பது. அக்காடி மெத்ரோ நிலையத்தின் படிகளில் இறங்கியபடி கணக்குப் பார்த்தேன். என் பையில் நான்கு பக்கப் படிவம் ஒன்று இருந்தது. நாற்பத்தொரு நாள்களாக அங்கேயே இருந்தது. ஒருமுறை அதன் ஓரத்தில் தயிர்கூடக் கொட்டிவிட்டது.

நெஜாத்தி என்னைச் சட்டப்படி தன் மகளாக ஏற்றுக்கொள்வதற்கான படிவம் அது. எனக்கு வயது இருபத்து நான்கு. கெபெக்கில் வயதுவந்தவர்களையும் அப்படி ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொள்பவர் அவர்களைச் சிறுவயதில் பெற்றோரின் இடத்தில் நின்று வளர்த்தவராக இருக்க வேண்டும். சட்ட உதவி நிலையத்தில் இருந்த பெண் இதை விளக்கிவிட்டு, "அவரிடம் கேட்டுவிட்டீர்களா?" என்றார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவருக்கு விளங்கியிருக்காது.

படிவத்தோடு அவருடைய பிறப்புச் சான்றிதழும் வேண்டும். அது இஸ்மீரில், அவர் தாயின் அலுமாரியில் இருக்கிறது. சனி இரவு அவர் அங்கே போகிறார், ஏழு கிழமைகளுக்கு. கடைசியாகப் போனது ஐந்து வருடங்களுக்கு முன். சான்றிதழை எடுக்க வேறு வழிகளும் இருக்கும். எனக்கு இந்த வழிதான் பிடித்தது, ஏனென்றால் இதற்கு ஒரு கடைசி நாள் இருந்தது. கடைசி நாள் இல்லாவிட்டால் நான் எதையும் யாரிடமும் கேட்கமாட்டேன்.

நெஜாத்தி லிப்ட் திருத்துபவர். நாங்கள் இருப்பது பார்க் எக்ஸ்டென்ஷனில், லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். அம்மா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். பதினைந்து வருடங்களுக்கு முன், சாப்பாட்டு வண்டியோடு அவர் அந்த இல்லத்தின் லிப்டில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். திருத்த வந்தவர் வெளியில் நின்று, பயப்படாமல் இருப்பதற்காக விடாமல் பேசினாராம். கதவு திறந்தபோது அம்மா அவருக்கு ஒரு கிண்ணம் சூப் கொடுத்தார். ஆறியிருந்தது, குடித்தார் என்று அம்மா சொல்வார். அதோடு கதையை நிறுத்திவிடுவார்.

என் அப்பா எனக்கு மூன்று வயதாக இருந்தபோது காய்ச்சலில் இறந்துவிட்டார். அவருடைய படம் எங்கள் முன்னறைச் சுவரில் இருக்கிறது. நெஜாத்தி எங்களோடு வந்து சேர்ந்த முதல் கிழமை, அது சரிந்திருப்பதைப் பார்த்தார். வேலைக்குக் கொண்டுபோகும் பெட்டியிலிருந்து மட்டம் பார்க்கும் கருவியை எடுத்து வந்து, கண்ணாடிக் குழாயில் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை படத்தை அசைத்து அசைத்துப் பொருத்தினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. கதவோரம் நின்று குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தமிழ் கற்றது அம்மா தன்னோடு பேசுவதைக் கேட்டு. அம்மா அவரை "வாங்கோ, இருங்கோ" என்பார். அதனால் தமிழ் என்றாலே இப்படித்தான் என்று நினைத்துவிட்டார். என்னை "நீங்கள்" என்பார். எங்கள் கறுப்புப் பூனை ஸெய்த்தினையும் "இறங்குங்கோ, மேசையில இருக்கக் கூடாது" என்பார். ஸெய்த்தின் இறங்காது. அந்த மரியாதை அதற்குப் பிடித்துப்போயிற்று.

நான் அவரை நெஜாத்தி என்றே கூப்பிட்டேன். அம்மாவின் அண்ணா, பேரின்பநாதன் மாமா, "சித்தப்பா எண்டு கூப்பிடு பிள்ளை, ஆக்கள் என்ன நினைப்பினம்" என்று சில காலம் சொல்லிப் பார்த்தார். நான் எதுவும் சொல்லாததால் விட்டுவிட்டார்.

மாமாவுக்கு நெஜாத்தியின் குடும்பத்தைப் பற்றி ஒரு வருடம் பெரிய குழப்பம் இருந்தது. நெஜாத்தி ஒவ்வொரு ஞாயிறும் இஸ்மீருக்குப் பேசும்போது "அன்னெ, அன்னெ" என்பார். துருக்கியில் அது அம்மா. மாமாவின் காதில் அது அண்ணை என்று விழுந்தது. தமையனோடு இவ்வளவு பாசமா என்று வியந்தார். ஒரு நாள் கேட்டும்விட்டார்.

"மச்சான், உங்கட அண்ணைக்கு எத்தினை பிள்ளையள்?"

"மூண்டு," என்றார் நெஜாத்தி. "நான் கடைசி."

மாமா அன்று சோற்றை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பிறகு விளக்கம் கிடைத்தது. மூன்று சுழிக்குப் பதிலாக இரண்டு சுழி போட்டிருந்தால் மாமா முதல் நாளே சரியாகக் கேட்டிருப்பார். அன்னை என்று தமிழில் சொல்லாமலா இருக்கிறோம். ஆனால் பிழையைத் திருத்த யாருக்கும் மனம் வரவில்லை. இன்றும் இஸ்மீரிலிருந்து அழைப்பு வந்தால் எங்கள் வீட்டில் அண்ணைதான் பேசுகிறார்.

சென்ற மார்கழியிலிருந்து நான் மெத்ரோவில் துருக்கி படிக்கத் தொடங்கினேன். யாருக்கும் சொல்லவில்லை. நான் வேலை செய்வது தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில். தட்டுகளில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டங்களை எண்ணுவது என் வேலை. அங்கே பேசத் தேவையில்லை. மெத்ரோவிலும் தேவையில்லை. உதட்டை மட்டும் அசைத்துப் படித்தேன்.

நாற்பத்தொரு நாள்களுக்கு முன் படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, நெஜாத்தி பால்கனியில் நின்று தாயோடு பேசிக்கொண்டிருந்தார். முதல் தடவையாக ஒரு முழு வசனம் எனக்கு விளங்கியது. என்னைப் பற்றித்தான். நல்ல வேலையில் இருக்கிறாள், காலையில் நேரத்துக்கு எழும்புகிறாள் என்றார். பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் என்னைக் குறிக்க அவர் சொன்ன பெயர் "றஜனினின் கிஸி." 'கிஸ்' என்றால் மகள். துருக்கியில் 'னின்' நம்முடைய 'இன்' செய்யும் வேலையைச் செய்யும். தமிழைப் போலவே இருந்ததால்தான் அவ்வளவு சுலபமாக விளங்கிவிட்டது.

றஜனியின் மகள். றஜனி என் அம்மா.

அதில் பிழை எதுவும் இல்லை. படிவத்தைப் பைக்குள் அடியில் தள்ளினேன்.

மறுநாள் நூலகத்தில் துருக்கி - ஆங்கில அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாயால் கேட்க முடியாவிட்டால் எழுதிக் கேட்கலாம். அவருடைய மொழியில் எழுதினால் அவருக்கும் பிடிக்கும். ஒரே ஒரு வினைச்சொல் தேவைப்பட்டது.

ஆங்கிலத்தில் இருப்பது ஒன்றுதான், அடொப்ட். குழந்தை, பூனை, அரசாங்கத் திட்டம், எங்கள் பரிசோதனைக்கூடத்தின் புதிய எண்ணும் முறை, எல்லாவற்றையும் அதே சொல்லால் ஏற்றுக்கொள்கிறார்கள். துருக்கிக்காரர் அப்படிச் செய்வதில்லை. தீர்மானம் என்றால் கபூல் எத்மெக். கருத்து, பழக்கம், புதிதாக வந்து குடியேறிய ஊர் என்றால் பெனிம்செமெக். 'பெனிம்' என்றால் என்னுடைய, ஆகவே அது என்னுடையதாக்குவது. பிள்ளை என்றால் எவ்லாத் எதின்மெக். 'எவ்லாத்' பிள்ளை. 'எதின்மெக்' தனக்கு ஆக்கிக்கொள்வது. அதன் நடுவில் இருக்கும் 'இன்' நம்முடைய 'கொள்' மாதிரி. செய்வது வேறு, செய்துகொள்வது வேறு. அந்த இடத்தில் நான் நூலகத்தில் தனியே சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் கதிரையைத் தள்ளிப் போட்டார்.

தமிழில் தத்தெடுப்பது. தத்து என்றால் கொடுக்கப்பட்டது என்று பொருளாம். என்னை யாரும் கொடுக்கவில்லை. நானே என்னைக் கொடுக்கப் பார்க்கிறேன். அதற்கு எந்த அகராதியிலும் வினைச்சொல் இல்லை. எல்லா மொழியிலும் எடுப்பவர் எழுவாயாக இருக்கிறார், பிள்ளை செயப்படுபொருளாகப் பேசாமல் இருக்கிறது.

எவ்லாத் எதின்மெக்தான் சரியான சொல். சரியாக இருந்ததால்தான் அதை எழுத முடியவில்லை. பிள்ளை என்ற சொல் அதற்குள் அப்படியே இருந்தது. றஜனினின் கிஸி என்று கேட்ட பிறகு, அதை நானாக எழுதுவது அழைக்காத பந்தியில் போய் உட்காருவது போல இருந்தது.

இன்னொரு சொல் இருந்தது. ஸாஹிப்லென்மெக். உரியவராவது, பொறுப்பேற்பது, தன் காவலில் எடுப்பது என்று அகராதி சொன்னது. உள்ளே இருக்கும் 'ஸாஹிப்' நமக்குத் தெரிந்த சாகிபுதான். பிள்ளை என்ற சொல் இல்லை. கௌரவமாக இருந்தது.

வியாழன் காலை, அறுபத்திரண்டு மணித்தியாலங்கள் மிச்சமிருக்கும்போது, ஒரு சிறு தாளில் துருக்கியில் எழுதி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். "ஸாஹிப்லென்மெக்குக்கு உங்கள் கையெழுத்து வேண்டும். ஆர்த்திகா." ஒட்டிவிட்டுச் சப்பாத்தின் நாடாவைக்கூடக் கட்டாமல் மூன்று மாடி இறங்கி ஓடினேன்.

மாலை வீட்டுக்கு வந்தபோது அவர் சமையலறையில் நின்றார். தாள் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு.

"நீங்கள் துருக்கி எழுதுறீங்கள்," என்றார்.

"கொஞ்சம்."

"நல்லா எழுதுறீங்கள்." குரலைத் தாழ்த்தினார். அம்மா குளித்துக்கொண்டிருந்தார். "நானும் கன நாளா யோசிச்சனான். கேக்கப் பயம். அம்மா என்ன சொல்லுவா எண்டு."

"நீங்களும் யோசிச்சனீங்களோ?"

"ஓம். வயசு பெரிசெண்டாலும் பரவாயில்லை. பெரிசெண்டாத்தான் நல்லம். வீட்டுப் பழக்கம் எல்லாம் தெரிஞ்சிருக்கும்."

நான் தலையாட்டினேன். இந்த முறை எந்தப் பக்கம் என்று தெளிவாகவே ஆட்டினேன்.

"சனிக்கிழமை மச்சான் சாப்பிட வருவார். அப்ப எல்லாருக்கும் சொல்லுவம். கையெழுத்தும் அப்ப வைப்பம். சரியோ?"

"ஓம்," என்றேன்.

வெள்ளிக்கிழமை ஒரு தட்டில் நூற்றுப் பதினேழு கூட்டங்களை எண்ணிவிட்டு மறுபடி எண்ணினேன். நூற்றுப் பத்தொன்பது வந்தது. மூன்றாம் தடவை எண்ணாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மேலதிகாரி, ஏதாவது நல்ல செய்தியா என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மூன்று வருடத்தில் நான் அவரோடு பேசிய மிக நீளமான உரையாடல் அதுதான்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மாமா புறநகரான டொலார்டிலிருந்து வந்தார். நெஜாத்தியை விமான நிலையத்தில் இறக்குவது அவருடைய பொறுப்பு. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது.

"உலகத்துக்கெல்லாம் லிப்ட் பூட்டுறார், தன்ர வீட்டுக்கு ஒண்டு பூட்டமாட்டாராம்."

"நடந்தா உங்களுக்கு நல்லம், மச்சான்," என்றார் நெஜாத்தி. "இருங்கோ."

அம்மா இறால் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்திருந்தார். கத்தரிக்காய் விஷயத்தில் எங்கள் வீட்டில் இரு நாடுகளுக்கும் சண்டை இல்லை. நான் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். தயிர்க் கறை வெளியே தெரியாதபடி மடித்திருந்தேன்.

நெஜாத்தி தொண்டையைச் செருமினார். "ஒரு நல்ல விஷயம் சொல்லவேணும். றஜனி, நீங்கள் கோவிக்கக் கூடாது."

"இப்பிடித் தொடங்கினா நான் இப்பவே கோவிப்பன்," என்றார் அம்மா.

நெஜாத்தி எழுந்து அறைக்குள் போனார். ஒரு கடைப் பையோடு வந்தார். உள்ளிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்தார். நீல நிறம். அடியில் மீன் முள் படம்.

"ஆர்த்திகா இன்னொரு பூனை எடுக்கப் போறா," என்றார். "எனக்குச் சம்மதம். பெரிய பூனை. பெயர் இஞ்சிர் எண்டு வைப்பம். ஸெய்த்தின் எண்டா ஒலிவ். இஞ்சிர் எண்டா அத்திப்பழம்."

மாமா கிண்ணத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பூனைக்கு இவ்வளவு வடிவான கோப்பை. எனக்கு இந்த வீட்டில தண்ணி தாறது யோகட் டப்பாவில."

"ஒரு பூனையின்ர மயிரே நான் அள்ளி முடியேல்ல," என்றார் அம்மா. "ஆர் கேட்டது இன்னொண்டு?"

"இவாதான். துருக்கியில எழுதிக் கேட்டவா." நெஜாத்தி சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். "பாருங்கோ. ஸாஹிப்லென்மெக். இது பூனைக்குச் சொல்லுறது. நாய்க்கும் சொல்லலாம். தெருவில நிக்கிற பூனையை வீட்டை கொண்டு வாறது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸெய்த்தின்கூடப் பார்த்தது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு நாள்களாக நான் ஒரு பூனையின் மகிழ்ச்சியில் இருந்திருக்கிறேன். பேசாமல் விட்டுவிடலாம் என்று தோன்றியது. பூனை என்றே இருக்கட்டும். இஞ்சிர் நல்ல பெயர்தான். எட்டு மணித்தியாலங்களில் அவர் போய்விடுவார், படிவம் பைக்குள் திரும்பிவிடும்.

"பேனை எடுத்தனான்," என்றார் அவர். "எங்க அந்தக் கடுதாசி?"

கையை நீட்டியபடி நின்றார். அந்தக் கையைச் சும்மா விட என்னால் முடியவில்லை. படிவத்தைக் கொடுத்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். முதல் பக்கத்தை வாசித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தார்.

"பூனைக்கு ஏன் நீதிமன்றம்?" என்றார் மெல்ல.

"பூனைக்கில்லை," என்றேன்.

"இதில உங்கட பெயர் இருக்கு."

"ஓம்."

"என்ர பெயரும் இருக்கு."

"ஓம். சொல் பிழைச்சுப்போச்சு. எவ்லாத் எதின்மெக் எண்டு எழுதியிருக்க வேணும்."

மாமா கிண்ணத்தை மேசையில் மெதுவாக வைத்தார். அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார். குழம்பு சொட்டியது.

"அந்தச் சொல் தெரிஞ்சிருந்தும் ஏன் எழுதேல்ல?" என்று கேட்டார் நெஜாத்தி.

நான் மேசை விரிப்பைப் பார்த்துச் சொன்னேன். "நீங்கள் உங்கட அம்மாவுக்கு என்னை றஜனினின் கிஸி எண்டு சொல்லுறனீங்கள். நான் கேட்டனான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்; சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் ஆடியது.

"ஆர்த்திகா, அது நான் வைச்ச பெயரில்லை. நீங்கள் வைச்சது."

"நானோ?"

"முதல் வருசம். பனிக் காலம். உங்களுக்குக் காது நோ. அம்மா வேலை. நான்தான் மருந்துக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனனான். அங்க நிண்ட பெண் கேட்டவா, உங்கட மகளோ எண்டு. நான் வாய் திறக்க முன்னம் நீங்கள் பெரிய சத்தமாச் சொன்னீங்கள், நான் றஜனியின்ர மகள் எண்டு. பிரெஞ்சில. கடை முழுக்கத் திரும்பிப் பாத்தது."

எனக்கு அது ஞாபகம் இல்லை. காது வலி மட்டும் ஞாபகம் இருந்தது. அந்தக் கடையில் தந்த இலுப்பெண்ணெய் நிற மருந்தும்.

"அதுக்கு முதல் நாலு மாசம் நீங்கள் என் முன்னால ஒரு சொல்லும் கதைக்கேல்ல," என்றார். "முதல் சொன்னது அதுதான். நான் மரியாதையா வைச்சிருந்தன். மாத்தச் சொல்லி நீங்கள் சொல்லேல்ல. நான் எப்பிடி மாத்துறது?"

"பதினைஞ்சு வருசமா?" என்றார் அம்மா. "ஒருக்கா என்னட்டை எண்டாலும் கேட்டிருக்கலாமே."

"உங்களிட்டைக் கேட்டா நீங்கள் சொல்லுவீங்கள். அவா சொல்லவேணும்."

"இரண்டு பேரும் நல்ல சோடி," என்றார் மாமா. "ஒண்டு கேக்காது, மற்றது சொல்லாது. நடுவில பூனைக்கு ஒரு கோப்பை மிச்சம்."

நெஜாத்தி எழுந்துபோய்க் கையைக் கழுவினார். சவர்க்காரம் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, துணியில் துடைத்துவிட்டு வந்தார். நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டார்.

"இந்த இடமோ?"

"அங்கயும். நாலாம் பக்கத்திலயும்."

"குழம்பு கொட்டிப்போடாதேங்கோ," என்றார் அம்மா. கறிச்சட்டிகளை ஒவ்வொன்றாக மேசையின் மறுகரைக்கு நகர்த்தினார். தன் கண்ணைத் துடைக்கவில்லை, கையில் மிளகாய்த்தூள்.

நெஜாத்தி எழுத்துக் கூட்டி எழுதுவதுபோல் நிதானமாகக் கையெழுத்திட்டார். தயிர்க் கறையைப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னும் என்ன வேணும்?"

"உங்கட பிறப்புச் சான்றிதழ். இஸ்மீரில இருக்கெண்டு அம்மா சொன்னவா."

"அன்னெயின்ர அலுமாரியில. இப்பவே சொல்லுறன், தேடி வைக்கட்டும். அங்க இப்ப இரவு எட்டு மணிதான்."

அவர் எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில், நீலக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மாமா சாப்பாட்டை விட்டுவிட்டு முன்னால் குனிந்தார்.

"உஷ். அண்ணை கதைக்கப்போறார்."

மறுமுனையில் ஒரு கீச்சுக் குரல் வந்தது. நெஜாத்தி பிறப்புச் சான்றிதழைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் தட்டு, சிவப்புக் கோப்பு என்று ஏதோ சொன்னார். பிறகு அவருடைய தாய் கேட்டார். இரண்டே சொற்கள். "கிம் இஸ்தியோர்?"

எனக்கு விளங்கியது. யார் கேட்கிறார்கள்?

நெஜாத்தி வாயை இறுக்க மூடிக்கொண்டு, தொலைபேசியை விரலால் என் பக்கம் தள்ளினார். அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து மறுபடியும், இன்னும் சத்தமாக, "கிம்?"

நான் மேசை விரிப்பைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே, மருந்துக்கடையில் சொன்ன அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

"நெஜாத்தினின் கிஸி."

நெஜாத்தியின் மகள்.